அம்மாவின் பொருத்தனையும் என்னுடையதும்

கல்யாண வீட்டிலோ துக்க வீட்டிலோ நம் வயசுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் பேச்சு எப்படியும் அங்கேதான் போய் நிற்கும். "நம்ம பட்ட கஷ்டத்துல பாதி பட்டிருப்பாகளா இந்தக் காலத்துப் பிள்ளைக?" என்று ஒருவர் ஆரம்பிப்பார். தண்ணீருக்கு நடந்தது, விறகுக்கு முள் வெட்டினது, ஒரே பாவாடையைத் துவைத்துக் காயவைத்து மறுபடி உடுத்தினது என்று ஆளுக்கொன்றாய் எடுத்து வைப்போம். அதெல்லாம்தான் நம்மை ஆளாக்கிவிட்டது என்று முடிப்போம். நானும் தலையாட்டியிருக்கிறேன், நானும் பேசியிருக்கிறேன். பேசிக்கொண்டிருக்கும்போது என் தங்கச்சி அந்தப் பக்கம் வந்துவிட்டால் மட்டும் வாயை மூடிக்கொள்வேன்.

ஏன் என்று உங்களில் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். இப்போது சொல்லவேண்டிய நிலைமை வந்திருக்கிறது. எட்டாம் வகுப்போடு நின்றவள் எழுதுவது இது. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பின்னால் எங்கள் வீட்டில் இரண்டு ஆண் பிள்ளைகள் பிறந்து, இரண்டும் வருஷம் திரும்புவதற்குள் தவறிப்போயின. அதற்கு அடுத்துப் பிறந்தவள்தான் தங்கச்சி. ஆறு மாசத்தில் அவளுக்கும் காய்ச்சல் வந்து, கை கால் வெட்டி இழுத்திருக்கிறது. அம்மா அவளைத் தூக்கிக்கொண்டு ஓடி, எங்கள் ஊர்ச் சின்னக் கோயிலில் ஆராதனை நடக்கிற மேடைக்குக் கீழே வெறும் சிமிண்டுத் தரையில் கிடத்திவிட்டாளாம். கிடத்திவிட்டு ஒரு பொருத்தனை செய்தாள்.

கஷ்ட காலத்தில் கடவுளுக்கு வாக்குக் கொடுப்பதைத்தான் நாங்கள் பொருத்தனை என்போம். பிள்ளை பிழைத்தால் ஆடு தருகிறேன், கோயிலில் ஊருக்குப் போடுகிற அசன விருந்துக்கு ஒரு மூட்டை அரிசி போடுகிறேன் என்று ஆளாளுக்கு வாக்குக் கொடுப்பார்கள். எங்களிடம் ஆடும் இல்லை, அரிசியும் இல்லை. அம்மாவிடம் இருந்தது அவள் பட்ட பாடு ஒன்றுதான். அதனால், "ஆண்டவரே, இவளை மட்டும் எனக்கு விட்டுக்குடுத்துரும். நான் பட்ட பாட்டை இவ படாம வச்சிக்கிறேன். இவ கையில ஒரு வேலை படவிடமாட்டேன்" என்று வாக்குக் கொடுத்தாள். பக்கத்தில் நின்ற உபதேசியார் ஆமென் சொன்னார். கோயில் ஊழியம் பார்த்தவர் அவர்தான். பிள்ளை பிழைத்துக்கொண்டது.

வாக்கு என்றால் அம்மாவுக்கு வாக்கு. எட்டு வயசு வரைக்கும் தங்கச்சிக்குப் பாவாடை நாடா கட்டத் தெரியாது. தலை சீவி விடுவது நான், குளிப்பாட்டுவது நான், அவள் பள்ளிக்கூடப் பையையும் சேர்த்துச் சுமப்பது நான். எப்போதாவது ஆசைக்கு அவள் விளக்குமாற்றைத் தொட்டுவிட்டால் அம்மா ஓடி வந்து பிடுங்குவாள். "கீழ போடு தாயி. ஆண்டவருக்குக் குடுத்த வாக்குல்ல?" ஊருக்கே இது தெரியும். கடைக்காரர் அவள் கையில் சாமானைக் கொடுக்காமல் என்னைக் கூப்பிட்டுக் கொடுப்பார். பள்ளிக்கூடத்தில் அவள் வாசிக்கும்போது திக்கினால் வாத்தியார், "நீ உக்காரும்மா" என்று அடுத்த பிள்ளையை எழுப்பிவிடுவார். எல்லாரும் அன்பாகத்தான் செய்தார்கள்.

எனக்குப் பொறாமையாக இருக்கும். "எனக்கு மட்டும் ஏம்மா பொருத்தனை பண்ணல?" என்று ஒருநாள் கேட்டேன்.

"உனக்கென்னடி, நீ முட்டி மோதி வளந்துருவ" என்று சிரித்தாள். நான் போய் விறகுக்கு வைத்திருந்த பருத்திமார் அடுக்குக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். காய்ந்த பருத்திமார் சுள்ளி முதுகில் குத்தினது கூட இன்னும் நினைப்பில் இருக்கிறது.

எனக்குப் பன்னிரண்டும் தங்கச்சிக்கு எட்டும் நடந்தபோது ஐப்பசி மழை எங்களை ஏமாற்றிவிட்டது. மாசி பிறக்கும் முன்பே ஊருணி வெடித்துக் கிடந்தது. அப்பா அருப்புக்கோட்டையில் பஞ்சு லோடு ஏற்றுகிற வேலை, சனிக்கிழமைதான் வருவார். அம்மா விடியுமுன் பரளச்சிப் பக்கம் மிளகாய்ப் பழம் பறிக்கப் போனால் பொழுது சாயத்தான் திரும்புவாள். அவள் கைபட்ட சோறு கூட அந்த மாதங்களில் காந்தும். தண்ணீர் கொண்டுவருவது என் பாடு.

அதற்குக் குண்டாற்று மணலுக்குப் போகவேண்டும். போக ஒரு மைல், வர ஒரு மைல். ஆற்றில் தண்ணீர் ஏது? மணலைத் தோண்டி ஊத்துப் போட வேண்டும். முழங்கை ஆழம் தோண்டினால் மணல் கறுக்கும். அதற்கும் கீழே போனால் ஈரம் வாசனை அடிக்கும். பழைய துணியும் மழையும் கலந்தது மாதிரி ஒரு வாசனை. அப்புறம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். சிரட்டையால் ஒரு கை, அரைக் கை என்று மோந்து மோந்து, துணியில் வடிகட்டிக் குடத்தை நிரப்ப அரை நாள் ஆகிவிடும். அவசரப்பட்டு அடியைச் சுரண்டினால் கலங்கிவிடும். கரை சரிந்தால் முதலிலிருந்து தோண்டவேண்டும். எழுந்து போனால் அந்த ஊத்து அடுத்தவளுக்கு.

ஒருநாள் காலையில் தங்கச்சி என் பின்னாலேயே வந்தாள்.

"அக்கா, நானும் வாரேன்."

"அம்மா என்னைக் கொன்னுபோடுவா."

"சும்மா பாத்துக்கிட்டு மட்டும் இருக்கேன்க்கா."

நான் கூட்டிக்கொண்டு போனது பாசத்தால் இல்லை. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? ஒருநாள் வந்து வெயிலில் காயட்டும், நான் படுகிறது என்ன என்று தெரியட்டும் என்ற வன்மம்தான். அவள் கையில் ஒரு சின்ன அலுமினியக் குடத்தைக் கொடுத்ததும் அதற்காகத்தான்.

ஆற்றில் வண்டிக்காரர் சம்சாரம் உட்கார்ந்திருந்தாள். நாங்கள் மதினி என்று கூப்பிடுவோம். வாய் சும்மா இருக்காது.

"ஏ பிள்ள, யாரு இது, மகாராணியா? பல்லக்கு எங்க?"

"நடந்துதான் மதினி வந்தா."

"அடி ஆத்தே! அவுகளுக்கு நடக்க வருமா?"

தங்கச்சிக்கு முகம் சிவந்துவிட்டது. என்னிடமிருந்து சிரட்டையை வாங்கித் தோண்ட ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் கரை சரிந்து மூடிக்கொண்டது. என்னைப் பார்த்தாள். நான் செய்து கொடுப்பேன் என்று பார்த்தாள். எனக்கும் கை தானாக நீண்டது.

"நீ விடு பிள்ள" என்றாள் மதினி. "அவளே தோண்டட்டும். மணலுக்குத் தெரியுமா அவ யாருன்னு?"

இரண்டாவது தடவையும் சரிந்தது. தங்கச்சி அழுதாள். அழுதுகொண்டே தோண்டினாள். மூக்கைத் துடைத்த இடமெல்லாம் மணல். மூன்றாவது தடவை குழியின் அடி மினுமினுத்தது.

"அக்கா! தண்ணி வருது! எனக்கு வருதுக்கா!"

நாலு பெண்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அன்றைக்கு அவள் கொண்டுவந்தது கால் குடம். வழியில் பாதியைத் தன் பாவாடையில் கொட்டிக்கொண்டாள். ஆனால் குடத்தை என்னிடம் கொடுக்கவில்லை.

அம்மாவுக்குத் தெரியாமல் பத்து நாள் வந்தாள். வாயை அகலமாய்த் தோண்ட வேண்டும், ஈர மணலைத் தட்டிக் கரை கட்ட வேண்டும் என்பதெல்லாம் நான் சொல்லிக் கொடுக்கவில்லை, பார்த்தே படித்துக்கொண்டாள். "பொறுக்கா, ஊறட்டும்" என்று எனக்கே சொல்லுவாள். ராத்திரிச் சோறு இரண்டாந்தரம் கேட்டாள். "பாத்தியா, ஆண்டவர் கிருபை. பிள்ளைக்குப் பசி எடுக்குது" என்று அம்மா பூரித்துப்போனாள்.

ஏழாம் நாளோ எட்டாம் நாளோ, பெரிய பிள்ளை ஒருத்தி வந்து தங்கச்சியின் ஊத்தில் குடத்தை வைத்துவிட்டாள். நான் எழுந்திருக்குமுன் தங்கச்சி எழுந்துவிட்டாள்.

"இது என் ஊத்து."

"உன் பேரு எழுதியிருக்கா?"

"தோண்டினது நானு. நீ பக்கத்துல தோண்டு. தெரியலைன்னா சொல்லித்தாரேன்."

மதினி விழுந்து விழுந்து சிரித்தாள். "ஏத்தா, மகாராணி பாடம் நடத்துறாக, போயிக் கேட்டுக்கோ!" அந்தப் பிள்ளை முனகிக்கொண்டே குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். தங்கச்சி மறுபடி உட்கார்ந்து சிரட்டையைக் கையில் எடுத்துக்கொண்டாள். அவள் சொன்னதுதான் நடந்தது. அவள் வாழ்க்கையில் அவள் சொன்னது நடந்தது அந்த ஒரு தடவைதான் என்று இப்போது நினைக்கிறேன்.

பத்தாம் நாள் திரும்பி வரும்போது கருவேல முள் அவள் காலில் ஏறிவிட்டது. குடத்தைச் சிந்தாமல் இறக்கி வைத்தாள். உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு தானே பிடுங்கினாள்.

"வலிக்குதா?"

"வலிக்குது" என்றாள். குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

நுனி உள்ளேயே ஒடிந்து நின்றது எங்கள் இருவருக்கும் தெரியாது. மூன்றாம் நாள் கால் வீங்கி, காய்ச்சல் கொதித்தது. அம்மா காலைத் திருப்பிப் பார்த்தாள். "எங்கடி மிதிச்சா?" எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அம்மா என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் அதோடு போயிருக்கும். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து அந்தச் சின்ன அலுமினியக் குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். என்ன செய்தாள் என்று தெரியாது. அதற்குப் பிறகு அந்தக் குடத்தை நான் பார்க்கவே இல்லை.

மத்தியான வெயிலில் மூன்று பேரும் கோயிலுக்குப் போனோம். தங்கச்சி அம்மாவின் தோளில் கிடந்தாள்.

"பொருத்தனை உடைஞ்சுபோச்சே ஐயா" என்று அம்மா உபதேசியாரிடம் அழுதாள். "இப்ப எடுத்துக்கிடுவாரோ?"

உபதேசியார் நல்ல மனிதர். காலரா வந்த வீட்டுக்குள்ளும் போய் ஜெபம் செய்தவர். அவர் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். முள் குத்தினால் காய்ச்சல் வரும், டவுனுக்குக் கூட்டிட்டுப் போம்மா என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவர், "உடைச்சவளே சேத்து வைக்கட்டும்" என்று என்னைப் பார்த்தார். அம்மாவுக்கு ஆறுதலாகவும் இருக்கும், எனக்கும் குற்றம் தீர்ந்த மாதிரி இருக்கும் என்று நினைத்திருப்பார்.

நான் முழங்கால் போட்டேன். "இனிமே தங்கச்சியை ஒரு வேலையும் செய்யவிட மாட்டேன் ஆண்டவரே. அவ செய்யவேண்டியதை எல்லாம் சாகிறமட்டும் நானே செய்யிறேன்" என்றேன். சாகிறமட்டும் என்று சொல்லச் சொல்லி யாரும் கேட்கவில்லை. பயத்தில் நானாகச் சேர்த்துக்கொண்டேன்.

வெங்காயம் சுட்டு வைத்துக் கட்டினதில் நாலாம் நாள் சீழோடு முள் நுனி வெளியே வந்தது. காய்ச்சல் இறங்கியது. ஊரே கடவுளுக்கு நன்றி சொன்னது. காய்ச்சலை இறக்கினது அவர்தான், அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் எங்கள் வாக்குக்காகத்தான் இறக்கினார் என்பது நாங்களாக எண்ணிக்கொண்டது.

கால் ஆறினதும் தங்கச்சி வாசலில் வந்து நின்றாள். "அக்கா, ஊத்துக்குப் போவமா?"

"நீ வரக்கூடாது."

"எனக்குத்தான் தோண்டத் தெரியுமே."

அவளை எப்படி நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். "உனக்கு ஒண்ணும் தெரியாது. நீ அழுவன்னு நானும் மதினியும்தான் உனக்குத் தெரியாம உன் குழியில தண்ணி ஊத்தினோம். உனக்குத் தண்ணி வரவே இல்ல."

"அந்தப் பெரிய பிள்ளை வந்த அன்னைக்கும் நீங்கதான் ஊத்தினீகளா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"சரிக்கா" என்றாள். அப்புறம் அவள் எதையும் தானே செய்கிறேன் என்று கேட்டதில்லை. அம்மா பொருத்தனையால் செய்ய முடியாததை நான் ஒரு பொய்யால் செய்து முடித்துவிட்டேன்.

அப்புறம் நடந்ததெல்லாம் நீங்கள் பார்த்ததுதான். திருச்சுழியில் ஆபீஸ் பியூன் வேலை பார்த்தவர் அவளைப் பெண் பார்க்க வந்தார். "எம் மகளை ஒரு வேலை சொல்லப்பிடாது" என்று அம்மா முதல் பேச்சாக ஆரம்பித்தாள். அவர்கள் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து போனார்கள். அம்மா சாகும்போது தங்கச்சி கையைப் பிடித்து என் கையில் வைத்தாள். என் வீட்டுக்காரர் ஒரு சொல் சொல்லாமல், முகம் சுளிக்காமல் அவளையும் வைத்துக் காப்பாற்றினார். அவரும் போய் மூன்று வருஷம் ஆகிறது.

தங்கச்சிக்குப் புத்தியில் ஒரு குறையும் இல்லை. கோயிலில் பாட்டுப் புத்தகம் பார்க்காமல் எத்தனை கீர்த்தனை வேண்டுமானாலும் பாடுவாள். ஆனால் பஸ்ஸில் தனியாக ஏறமாட்டாள். கண்டக்டர் அதட்டினால் அழுதுவிடுவாள். காய்காரன் சொத்தைக் கத்தரிக்காயைப் போட்டால் பேசாமல் வாங்கிக்கொண்டு வருவாள். தம்ளர் கீழே விழுந்தால், "தப்பாப் போச்சோக்கா?" என்று நடுங்குவாள். அறுபதை நெருங்குகிறவள்.

நான் எப்படி ஆனேன் என்பதும் உங்களுக்குத் தெரியும். மாமியாரிடம் பட்டேன், மூன்று பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாய் அலைந்தேன், வெள்ளாமை பொய்த்த வருஷங்களில் முள் வெட்டிக் கரி மூட்டம் போட்டேன். ஒவ்வொன்றிலும் இதோடு முடிந்தோம் என்று நினைப்பேன். முடியமாட்டேன். அடுத்த கஷ்டம் வரும்போது போன கஷ்டம் என் முதுகில் கை வைத்து நிற்கும். அவள் படவேண்டியதையும் சேர்த்து நானே பட்டேன். அதில் அவளுக்கு வந்திருக்கவேண்டிய தெம்பும் எனக்கே வந்துவிட்டது. நான் அவளைச் சுமந்தேன் என்று ஊர் சொல்கிறது. அவளிடமிருந்து எடுத்துக்கொண்டேன் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

போன மாதம் மதுரையில் டாக்டர் என் நெஞ்சுக்குள் ஒரு வால்வு பழுது, ஆபரேசன் செய்துதான் ஆகவேண்டும் என்றார். பிழைத்தாலும் மூன்று மாதம் ஒரு சொம்பு தூக்கக்கூடாதாம். கோயம்புத்தூரிலிருந்து மகன் வந்தான். "ஒங்களைப் பாப்பேனா, சித்தியைப் பாப்பேனா? அவுகளை ஒரு ஹோம்ல விட்டுருவோம்மா" என்றான். அவனைக் குறை சொல்ல முடியாது. அவன் போன பிறகு தங்கச்சி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நானும் ஆஸ்பத்திரிக்கு வந்து ஒன் பக்கத்துல படுத்துக்கிறேன்க்கா. எடம் குடுப்பாகல்ல?" என்று கேட்டாள்.

அடுத்த ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் இப்போதிருக்கிற போதகரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். என் மகன் வயசுதான் அவருக்கு. "பன்னெண்டு வயசுப் பிள்ளை பயத்துல சொன்னதம்மா. ஆண்டவர் அன்னைக்கே மறந்திருப்பார். நீங்க விடுங்க" என்றார். எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டார்! பாரம் இறங்கினதா, கோபம் வந்ததா என்று எனக்கே தெரியவில்லை. இவ்வளவு சின்ன வார்த்தைக்கா நாங்கள் ஐம்பது வருஷம் காத்திருந்தோம்?

வீட்டுக்கு வந்து அவளை உட்காரவைத்துச் சொன்னேன். "அன்னைக்கு நான் ஊத்தலடி. மதினியும் ஊத்தல. ஒனக்குத் தண்ணி வந்துச்சு. நீ தோண்டி வந்த தண்ணி."

அவள் முழித்தாள். "எந்தத் தண்ணிக்கா?"

ஆறு, சிரட்டை, மதினி எல்லாம் சொல்லிப் பார்த்தேன். அவளுக்கு நினைவில்லை. "நான் ஆத்துக்கெல்லாம் வந்திருக்கேனா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

நேற்றுக் காலையில் நான் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்க முடிந்தது, ஆனாலும் கட்டிலிலேயே படுத்துக்கொண்டு, "எனக்கு முடியல. நீ கஞ்சி வச்சுக் கொண்டா" என்றேன்.

"நானா?"

"நீதான்."

ரொம்ப நேரம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போனாள். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. கேஸ் அடுப்புப் பற்றிக்கொண்டதும் "ஐயோ" என்று கத்தினாள். நான் பாதி எழுந்துவிட்டேன். கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். உள்ளே அழுகிற சத்தம் கேட்டது. ஆண்டவரே, என்னைப் போகவிடாதேயும் என்று கேட்டுக்கொண்டேன். என் ஆயுசில் அப்படி ஒரு ஜெபம் செய்ததில்லை.

வெயில் ஏறின பிறகு கிண்ணத்தோடு வந்தாள். புறங்கையில் சிவப்பாய் ஒரு சூட்டுக் காயம். நான் அதைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. கஞ்சியை வாங்கிக் குடித்தேன். அரிசி பல்லில் கடிபட்டது. உப்பே இல்லை.

"நல்லா இருக்காக்கா?"

"வேகல" என்றேன். "உப்பும் போடல. நாளைக்கு இன்னும் கொஞ்ச நேரம் அடுப்புல விடு."

அவள் முகம் விழுந்துவிட்டது. "நாளைக்குமா?"

"நாளைக்கும்."

கிண்ணத்தை வாங்கிக்கொண்டு கதவு வரைக்கும் போனவள் நின்றாள். திரும்பாமலே கேட்டாள். "கொஞ்ச நேரம்னா எம்புட்டு நேரம்க்கா?"

சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். "ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பாரு. ஒனக்கே தெரியும்."

ஆபரேசனுக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. எனக்காக ஜெபம் செய்வதாக உங்களில் பல பேர் போனில் சொல்லுகிறீர்கள். செய்யுங்கள். ஆனால் நான் பிழைக்கவேண்டும் என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். அந்தத் தேதியை ஒரு மாதமாவது தள்ளிப்போடும்படி கேளுங்கள்.